குபேரன் விருந்தும் ஒரு பிடி அரிசியும்



விநாயகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அவரைப் பற்றிய ஒரு பழங்கதையுடன் இந்த அருளுரையைத் தொடங்குகிறோம். எமது அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் சோறு குழைத்து ஊட்டும்போது சொன்ன கதைதான் இது.

செல்வத்துக்கு அதிபதியாகிய குபேரன் தன் மாளிகையின் சிறப்பை மூவுலகமும் காண வேண்டும் என்று ஆசைப்பட்டான். கைலாயத்துக்குச் சென்று சிவபெருமானையும் உமையம்மையையும் விருந்துக்கு அழைத்தான். அவன் உள்ளத்தில் இருந்தது அன்பு அல்ல, செருக்கு என்பதைப் பெருமான் அறிவார். "நாம் வருவதற்கில்லை. எமது பிள்ளையை அழைத்துச் செல். ஆனால் அவனுக்குப் பசி அதிகம்" என்றார். சின்னப் பிள்ளை எவ்வளவு உண்ணப் போகிறான் என்று குபேரன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

பிள்ளையார் பந்தியில் அமர்ந்தார். படைத்ததை எல்லாம் உண்டார். சமையல்கட்டில் இருந்ததை உண்டார். களஞ்சியத்தில் இருந்ததையும் உண்டார். பாத்திரங்களும் மாளிகையும் மிஞ்சவில்லை. பின்பு "பசிக்கிறது, இனி உன்னையும் உண்பேன்" என்று குபேரனைத் துரத்தினார். குபேரன் கைலாயத்துக்கு ஓடிச் சிவபெருமானின் காலில் விழுந்தான். பெருமான் ஒரு பிடி வறுத்த அரிசியைக் கொடுத்து, "இதைப் பணிவோடும் அன்போடும் கொடு" என்றார். குபேரன் அப்படியே கொடுத்தான். பிள்ளையாரின் பசி அடங்கியது.

கதை இவ்வளவுதான். ஆனால் புலம்பெயர்ந்து வாழும் எமக்கு இக்கதை இன்று புதிய பொருளில் விளங்குகிறது. குபேரனின் களஞ்சியத்தைப் போல நிறைந்திருக்கும் ஒரு நாட்டுக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். எமது பசி அடங்கியதா?

உடல் பருமன் என்னும் விடயத்தை ஆலயப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையைக் கவனித்துப் பாருங்கள். முன்பு மண்டபத்தின் ஓரத்தில் முதியவர்களுக்கென்று நாலைந்து கதிரைகள் போட்டிருந்தோம். இப்போது நாற்பது வயதிலேயே நிலத்தில் இருந்து தேவாரம் பாட முழங்கால் இடம் கொடாமல் கதிரை தேடும் நிலை வந்திருக்கிறது. பூசை முடிந்து வெளியே வந்தால், வீதியில் நின்று பேசும் பேச்சில் பாதி "சீனி வருத்தம்", "பிரஷர்", "கொலஸ்ட்ரோல்" என்பவையே. சிறுவயதில் எம்மோடு ஓடி விளையாடியவர்கள் ஐம்பது வயதைக் காணாமலே மாரடைப்பில் போனதையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்களின் அந்தியேட்டிக்குச் சென்று, அங்கும் வடையும் பாயாசமும் உண்டு திரும்பியிருக்கிறோம். ஆகவே இது ஆலயம் பேச வேண்டிய விடயந்தான்.

யார் மேல் குற்றம்?

ஒருவர் பருமனாக இருந்தால் எம்மவர் வாயில் ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, "வாய்க்கட்டுப்பாடு இல்லை." மற்றது, "அது பரம்பரை, விதி." முதலாவது பதில் மனிதரை அவமதிக்கிறது. இரண்டாவது பதில் அவரைக் கைவிடுகிறது. இரண்டிலும் முழு உண்மை இல்லை.

சைவசித்தாந்தம் இதை வேறு விதமாகப் பார்க்கக் கற்றுத் தருகிறது. உயிர் உலகில் வாழ்வதற்கு இறைவன் அதற்கு நான்கைக் கொடுக்கிறான் என்பார்கள். அவை தனு, கரணம், புவனம், போகம். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம் முதலிய கருவிகள். புவனம் என்பது வாழும் உலகம். போகம் என்பது நுகரும் பொருள். இந்த நான்கும் கூடும் இடத்திலேதான் வாழ்க்கை நடக்கிறது. உடல் பருமனும் அப்படித்தான். நாமோ மற்ற மூன்றையும் மறந்துவிட்டு, மனம் ஒன்றின் மேல் முழுப் பழியையும் போடுகிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தனு: எமக்குக் கிடைத்த உடம்பு

2004 ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இரண்டு வைத்தியர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் யுட்கின். உயரத்தையும் நிறையையும் கொண்டு கணக்கிடும் உடற்திணிவுச் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. கண்ணால் பார்த்தால் இருவரும் மெலிந்தவர்கள். ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. அதே நிறை, அதே மெலிவு, இருமடங்குக்கு மேல் கொழுப்பு!

தெற்காசிய உடம்பின் இயல்பு இது. கையும் காலும் மெலிந்திருக்கும்; கொழுப்போ வயிற்றைச் சுற்றி உள்ளே சேரும். மேற்கு இலண்டனில் எம்மவரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் செறிந்து வாழும் சவுத்தோல் பகுதியில் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1991 இல் வெளியாகின. தெற்காசியரின் இடுப்புக் கொழுப்புக்கும், நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பை அது எடுத்துக் காட்டியது. அதனால் எமக்குரிய அளவுகோலும் வேறு. ஐரோப்பியருக்கு உடற்திணிவுச் சுட்டெண் 25 இல் எச்சரிக்கை தொடங்கினால், ஆசியருக்கு 23 இலேயே கவனம் தேவை என்றும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004 இல் கூறியது. இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருப்பது நல்லது. தையல் பெட்டியில் உள்ள அளவுநாடா ஒன்று போதும். சேலையும் வேட்டியும் நெகிழ்ந்து கொடுக்கும் உடைகள். காற்சட்டை சொல்லுவதை அவை சொல்லுவதில்லை.

"நான் மெல்லிசுதானே" என்று இருக்கும் அன்பர்களும் இதனால் கவனிக்க வேண்டும். பருமனாக இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பவரின் வயிற்றுக்குள்ளும் அதே வினை இருக்கலாம்.

புவனம்: நாம் வாழும் இடம்

இலண்டனின் சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்களை அறியாதவர் எம்மில் இல்லை. முன்பு அந்தப் பஸ்ஸில் ஓட்டுநர், நடத்துநர் என்று இருவர் வேலை செய்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் இருந்தபடியே ஓட்டினார். நடத்துநரோ ரிக்கற் கொடுப்பதற்காக ஒவ்வொரு வேலை நாளும் சுமார் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கினார். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே நகரத்தில், ஒரே புகையைச் சுவாசித்தவர்கள். ஜெரமி மொரிஸ் என்னும் அறிஞர் இவர்களை ஆராய்ந்து 1953 இல் வெளியிட்ட முடிவு, இருந்து ஓட்டியவர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்பது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. வேலையாட்களுக்குக் கொடுத்த சீருடைகளின் அளவுகளை எடுத்துப் பார்த்து 1956 இல் எழுதினார். எந்த வயதிலும் ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பே பெரிதாக இருந்தது. அவர்களுள் பலர் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் தபால் இலாகாவிலும் இதே விதமான வேறுபாட்டை அவர் கண்டார். நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் கொடுத்தவர்களைவிட, மேசையில் இருந்து வேலை செய்தவர்களுக்கே இருதய நோய் அதிகம்.

அடியார்களே, அந்த நடத்துநர் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று நினைத்துப் படி ஏறவில்லை. அவருடைய வேலை அவரை ஏற வைத்தது. அதுபோல நாம் ஊரில் மெலிந்திருந்தது எமது புலனடக்கத்தினாலா? இல்லை. கிணற்றில் துலாக்கொடி பிடித்துத் தண்ணீர் அள்ளினோம். அம்மியில் அரைத்தோம், உரலில் இடித்தோம், தேங்காய் துருவினோம். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் சைக்கிள் மிதித்தோம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெறுங்காலுடன் நடந்து சென்றோர் எத்தனை பேர்! எமது புவனம் எம்மை அசைய வைத்தது. இந்தப் புவனம் எம்மை இருக்க வைக்கிறது.

வீட்டு வாசலில் கார். குளிரும் இருளும் சூழ்ந்த ஐந்து மாதம். கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் முதியோர் இல்லத்திலும் இரவு வேலை. விடிந்து வந்து இரண்டு மணித்தியாலம் கண் அயர்ந்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றப் போகும் தாய்மார் எமது ஆலயத்தில் பலர். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. சிக்காகோவில் ஆரோக்கியமான இளைஞர் சிலரை இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் தூங்க விட்டுப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு கூடியது. "போதும்" என்று சொல்லும் சுரப்பு குறைந்தது. 2004 இல் வெளிவந்த ஆய்வு இது. இரவு வேலை முடிந்து வந்து, கையில் அகப்பட்டதை உண்ணும் ஒருவரை "வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்" என்று நாம் எப்படிச் சொல்லுவது?

பிள்ளைகளின் நிலையும் இதுவே. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் மிருதங்கமோ பரதமோ, பின்னேரம் கணித ரியூசன். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் காருக்குள்ளேயே பொரித்த கோழியும் சிப்ஸும். கலையும் கல்வியும் வளர்கின்றன. பிள்ளை ஓடி விளையாட ஒரு மணித்தியாலம் இல்லை. இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியை முடிக்கும் 10, 11 வயதுப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு மேல் அளவுக்கு மிஞ்சிய நிறையுடன் இருக்கிறார்கள். வளர்ந்தவர்களில் மூவரில் ஏறத்தாழ இருவர். ஒரு நாட்டில் இத்தனை பேருக்கு ஒரே காலத்தில் மனவுறுதி கெட்டுப்போய்விட்டது என்று யார் நம்புவார்? 2007 இல் பிரித்தானிய அரசுக்காக அறிவியலாளர் பலர் கூடித் தயாரித்த 'போர்சைற்' அறிக்கையும், தனி மனிதரின் மனவுறுதியை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது, சுற்றுச்சூழலே மாற வேண்டும் என்றே கூறியது. 2019 பெப்ரவரியில் இலண்டன் போக்குவரத்துத் துறை தன் பஸ்களிலும் ரயில் நிலையங்களிலும் கொழுப்பும் சீனியும் உப்பும் மிகுந்த உணவுகளின் விளம்பரங்களைத் தடை செய்தது. ஒரு போக்குவரத்துத் துறையே தன் புவனத்தைச் சீர்செய்யத் துணியும்போது ஓர் ஆலயம் துணியக் கூடாதா?

போகம்: நாம் உண்பது

ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரியும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. நல்லெண்ணெய் என்றாலும் சூரியகாந்தி என்றாலும் இக்கணக்கு மாறாது. ஊரில் எண்ணெய் போத்தலில் வந்தது. அளந்து விட்டோம். இங்கே இருபது லீற்றர் கொள்கலனில் வருகிறது. அளக்க மறந்தோம்.

330 மில்லிலீற்றர் கொண்ட சாதாரணக் கோலாப் பேணி ஒன்றில் 35 கிராம் சீனி உண்டு. ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி. சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் மிக நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. ஆகவே ஒரு பேணியிலேயே அன்றைய அளவு தாண்டிவிடுகிறது. அந்தக் கலோரியைச் செலவழிக்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் வேகமாக நடக்க வேண்டும். எமது பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு லீற்றர்ப் போத்தல்கள் நிற்கின்றன. தண்ணீர் கேட்டால் எழுந்து தேட வேண்டியிருக்கிறது.

விழா என்றவுடன் குபேரன் நினைவுக்கு வருகிறான். வாசலில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட். பின்பு மூன்று வகைச் சோறு, கொத்துரொட்டி, இடியப்பம், எட்டுக் கறிகள். அதன்பின் கேக், வட்டிலப்பம், ஐஸ்கிறீம். வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பெட்டி. ஒருவர் எட்டுக் கறி வைத்தால் மற்றவர் பத்து வைக்க வேண்டும். கடன் வாங்கியாவது வைக்க வேண்டும். விருந்தோம்பல் எமது பெருமை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் விருந்தாளியின் பசியைப் பார்த்துப் படைக்கிறோமா, ஊரார் பேச்சைப் பார்த்துப் படைக்கிறோமா என்று ஒரு முறை எம்மை நாமே கேட்க வேண்டும். குபேரனின் களஞ்சியம் தீர்ந்தும் பசி தீராததன் காரணம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

திருவள்ளுவர் திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வைத்தார். 95 ஆவது அதிகாரம். அதைத் திறந்து மருந்தின் பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பசி வந்தபின் உண்ணுவது, அளவறிந்து உண்ணுவது என்பவற்றைத்தான் குறளுக்குக் குறள் அவர் பேசுகிறார். மருந்துக் கடைக்குப் போகுமுன் சமையலறைக்குப் போ என்பதே அவர் கருத்துப் போலும்.

கரணம்: எமது மனம்

நான்கில் இதையே கடைசியில் வைத்தோம். ஏனென்றால் இதைத்தான் நாம் முதலில் குற்றம் சாட்டுகிறோம்; இதைத்தான் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம்.

1990 களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களை எம்மில் பலர் மறக்கவில்லை. சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தோம். சங்கக்கடை வரிசையில் நின்று அரைவயிற்றுக்கு அரிசி கொண்டுவந்தோம். இடம்பெயர்ந்து கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்திருந்தோம். அங்கே தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த தாய், இன்று இலண்டனில் பேரப்பிள்ளையின் கோப்பையில் சோற்றைக் குவிக்கிறாள். பிள்ளை "போதும்" என்றால் அவளுக்கு நெஞ்சு பதறுகிறது. சோற்றை எறியக் கூடாது என்று மிச்சத்தைத் தானே உண்கிறாள். அதைப் பேராசை என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அது பசியின் நினைவு. பசி போய் முப்பது ஆண்டுகள் ஆனாலும் பயம் போகவில்லை.

அந்தத் தாய்மாருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அம்மா, பஞ்சம் முடிந்துவிட்டது. நீங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டீர்கள். இனி அவர்களை நிறைவில் இருந்து காப்பாற்ற வேண்டும்.

தனிமையும் ஒரு காரணம். கவலையும் ஒரு காரணம். சில மருந்துகளும் நிறையைக் கூட்டும். தைரொயிட் குறைபாடு, பெண்களுக்கு வரும் சூலகக் கட்டிப் பிரச்சினை முதலியவையும் கூட்டும். இவற்றில் எது ஒருவரை வருத்துகிறது என்பதை வெளியில் நிற்கும் நாம் அறிய முடியாது. ஆகையால் ஆலய வாசலில் ஒரு பெண்பிள்ளையைக் கண்டவுடன் "என்ன பிள்ளை, நல்லாக் கொழுத்திட்டாய்!" என்று சொல்லும் வழக்கத்தை இன்றுடன் விட்டுவிடுவோம். அதே வாய்தான் அடுத்த வீட்டில் "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய், இன்னும் ரெண்டு இடியப்பம் சாப்பிடு" என்கிறது! அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை அதன்பின் மெலிவதில்லை. கோயிலுக்கு வருவதைத்தான் நிறுத்துகிறது. "பிள்ளையார் வயிறு" என்று பகிடி பண்ணுவோரும் உண்டு. அண்டங்களை எல்லாம் அடக்கிய வயிறு என்று நாம் வணங்கும் திருவுருவம் அது. பிறரைப் பழிக்கவும் வேண்டாம். "பிள்ளையாருக்கே வயிறு பெரிசுதானே" என்று எம்மை நாமே ஏமாற்றவும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

திருமூலர் உடம்பை இறைவன் வாழும் கோயிலாகக் கண்டவர். கோயில் பழுதடைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கட்டடத்தைத் திட்டுவதில்லை. ஒழுகும் கூரையைப் பார்க்கிறோம், பணம் சேர்க்கிறோம், எல்லோரும் கைகொடுத்துத் திருப்பணி செய்கிறோம். உடம்பாகிய கோயிலுக்கும் வேண்டியது அந்தக் கூட்டுத் திருப்பணியே.

முதலில் ஆலயத்தில் தொடங்குவோம். அன்னதானம் செய்யும் உபயகாரரிடம் எமது வேண்டுகோள் இது. மேசையில் தண்ணீரை முன்னுக்கு வையுங்கள்; மென்பானம் வேண்டாம். வடையும் பாயாசமும் திருவிழா நாளுக்கு இருக்கட்டும். சாதாரண வெள்ளிகளில் கடலையோ பயறோ அவித்த சுண்டல் நைவேத்தியமாகட்டும். வெள்ளைச் சோற்றின் பக்கத்தில் சிவப்பரிசிச் சோறும் ஒரு சட்டி இருக்கட்டும். பரிமாறும் தொண்டர்கள் முதலில் பாதி அகப்பை போடட்டும். வேண்டுமென்போருக்கு மறுபடி போடலாம். ஒருவர் "போதும்" என்றால் அதைப் பிரசாதத்தை மறுத்ததாக எவரும் எண்ண வேண்டாம்.

ஆலய வாசலிலேயே காரை நிறுத்துவதற்கு நாம் படும் பாட்டைப் பிள்ளையார் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்! நடக்கக் கூடியவர்கள் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். வாசல் இடம் முதியோருக்கும் நோயாளருக்கும் கிடைக்கும். அயலவரின் முறைப்பாடும் குறையும். பிள்ளையாரை ஒரு முறை வலம் வந்தால் போதும் என்பது வழக்கம். கூடுதலாக வந்தால் அவர் கோபிக்க மாட்டார். தோப்புக்கரணத்தைக் காதைத் தொட்டுத் தலையை ஆட்டுவதோடு முடிக்காமல், முழங்கால் இடம் கொடுக்கும் அளவுக்கு இருந்தெழும்பிப் போடலாம்.

வீட்டில், எண்ணெயைப் போத்தலில் இருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவோம். கோப்பையில் சோற்றின் இடத்தைக் குறைத்து, மரக்கறியின் இடத்தைக் கூட்டுவோம். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இல்லாமல் ஒரு நேரமாவது குடும்பமாக இருந்து உண்போம். வாரத்தில் குறைந்தது 150 நிமிட நடை வளர்ந்தோருக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். பிள்ளையின் ரியூசன் முடியும் வரை காருக்குள் இருக்கும் அந்த நேரமே போதும்.

இவ்வளவு செய்தும் நிறை குறையவில்லையே என்று சலிப்போருக்கு ஒரு நற்செய்தி. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006 இல் வெளிவந்த ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் அவதானித்தார்கள். வழமைபோல் விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவு முறையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதத்தினருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களின் உடல் நிறையில் பெரிய மாற்றம் இல்லை! தராசு அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது. பலனை எண்ணாமல் கடமையைச் செய் என்பது நடைக்கும் பொருந்தும்.

விரதம் பற்றியும் ஒரு சொல். கந்தசஷ்டியும் கேதாரகௌரி விரதமும் மனத்தை அடக்கப் பெரியோர் தந்த வழிகள். பகல் முழுவதும் பட்டினி இருந்து, இரவில் இரண்டு நேர உணவைப் பலகாரமாக உண்டால் விரதத்தின் நோக்கம் நிறைவேறாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருக்கவே கூடாது. சீனி திடீரெனக் குறைந்து உயிராபத்து வரலாம். நோயாளருக்கு ஒரு நேரம் பால், பழம் உண்டு வழிபடுவதும் விரதமே. எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி இப்போது பலர் பேசுகிறார்கள். அவை சிலருக்கு நல்ல பயன் தருகின்றன. ஆனால் வைத்தியரின் மேற்பார்வையிலேயே எடுக்க வேண்டியவை. தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்குபவை அல்ல.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ள, இருதய நோயோ நீரிழிவோ போன்ற நோய்கள் இல்லாதவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. கடிதம் வந்தால் மேசை இலாச்சிக்குள் போடாதீர்கள். "வருத்தம் இருந்தால் சொல்லிப்போடுவார்கள்" என்று பயந்து போகாமல் இருப்போர் எம்மில் உண்டு. சொல்லாவிட்டால் வருத்தம் போய்விடுமா?

இவற்றை எல்லாம் ஒரே நாளில் செய்ய இயலாது. ஒவ்வொரு குடும்பமும் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் குபேரன் கதையையாவது வாசித்துக் காட்டட்டும்.

பிள்ளையாரின் பசியை ஆற்றியது மாளிகை அல்ல, களஞ்சியம் அல்ல. ஒரு பிடி அரிசியும் அதைக் கொடுத்த உள்ளமுந்தான். எமது பிள்ளைகளும் எம்மிடம் கேட்பது அதுவே. இன்னும் ஒரு அகப்பை அல்ல. பக்கத்தில் இருந்து உண்ணும் ஒரு தாயும், கை பிடித்து நடக்கும் ஒரு தகப்பனும், பேரப்பிள்ளைகளின் கலியாணம் வரை இருந்து வாழ்த்தும் ஒரு அம்மம்மாவும்.

அந்தப் பேற்றை எல்லோருக்கும் அருளும்படி ஆனைமுகனின் திருவடிகளை வேண்டி அமைகிறோம்.

திருச்சிற்றம்பலம்.